திரைப்படக் கொட்டகைகளும் நம் மக்களும் – ஒரு வரலாற்று நோக்கு

பழைய திரையரங்குகளைப் பற்றி நூல்களிலும் இதழ்களிலும் எழுதப்பட்டுள்ள நினைவுக் குறிப்புகளைப் படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்காமற் போகாது. அவற்றுட் பெரும்பாலானவை மாடத்திலும் மெத்தை நாற்காலியிலும் அமர்ந்து படம் பார்த்தவர்களால் எழுதப்பட்டவை. கட்டடத்தின் அழகு, விளக்குகளின் ஒளி, விற்கப்பட்ட தின்பண்டம் ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படும். தரையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்தவர்கள் தம் நினைவுகளை எழுதி வைக்கவில்லை. எழுதப் படித்தவர் அவர்களுள் அரியராயிருந்தனர். அந்தத் தரைவகுப்பின் வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரிலேனும் ஓரளவு பதிவு செய்ய வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கல்விச் சங்கத்தின் மலரில் திரைப்படக் கொட்டகைக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். பொது இடம் ஒன்றில் மனிதன் மனிதனாக அமரும் உரிமை எவ்வாறு வந்தது, எவ்வளவு வந்தது, எவ்விடத்தில் நின்றது என்பதை அறிவதும் கல்வியே. அதனை அறிவதற்குக் கொட்டகையைப்போல் எளிய பாடநூல் பிறிதொன்றில்லை.

கொட்டகைக்கு முன்

நம் நாட்டில் கலை நிகழ்ச்சிகள் பன்னெடுங்காலம் கோயில் விழாக்களை ஒட்டியே நடந்து வந்தன. கூத்தாயினும் கதைப்பாட்டாயினும் நாகசுரக் கச்சேரியாயினும் அவற்றைக் காண்போர் யாவர் எங்கு நிற்க வேண்டும் என்பது பிறப்பால் முடிவு செய்யப்பட்டிருந்தது. கோயிலுக்குள் நடந்தவற்றை நம் முன்னோர் கண்டதேயில்லை. தேர் ஓடும் வீதியில் நடந்தவற்றையும் எட்ட நின்றே கண்டனர். பறை முழக்குவதற்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் முழக்கி முடித்தபின் அமர்வதற்கு இடம் இல்லை. விழாவில் அவர்களுடைய உழைப்புக்கு இடமிருந்தது; அவர்களுக்கு இடமில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயரின் தலைமையில் நுழைந்த நாள் 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள். இந்த நாளை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்வரும் செய்திகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றிக் கொட்டகையின் சிறப்பு விளங்காது.

கொட்டகையின் வரவு

1895-ஆம் ஆண்டு திசம்பர் 28-இல் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்று அசையும் படத்தைக் காட்டினர். அடுத்த ஆண்டு சூலை 7-இல் அது பம்பாய்க்கு வந்தது. தமிழகத்தில் அதனை ஊர்தோறும் கொண்டு சென்ற பெருமை கோவையைச் சார்ந்த சாமிக்கண்ணு வின்சென்டு என்பவருக்கு உரியது. அவர் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராகப் பணியாற்றியவர். 1905-ஆம் ஆண்டில் துய்ப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் ஒன்றுடன் புறப்பட்டார். பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். தமிழில் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் திரையிடப்பட்டது. டி.பி. இராஜலட்சுமி அதன் கதைத்தலைவி.

1935-இல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடிப்பதற்கு ஓர் இலட்சம் ரூபாய் பெற்றார் என்பது அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்ட செய்தி. தில்லைக்குள் நுழைய ஏங்கிய நந்தனாரின் கதையை நம் மக்கள் காசு கொடுத்துக் கொட்டகையில் அமர்ந்து கண்ட அந்நாளில், மதுரைக் கோயில் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. திரையில் இறைவனைக் காணலாம். கருவறைக்கு எதிரே நின்று காண இயலாது. தமிழகத்தின் அன்றைய நிலைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் பகுதியும் டூரிங் டாக்கீசும்

மம்சாபுரம், இராசபாளையம் திருவில்லிபுத்தூர் என்னும் இரு நகரங்களுக்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர். படம் பார்க்க விரும்பியவர்கள் இவ்விரு நகரங்களுள் ஒன்றை நாடினர். திருவில்லிபுத்தூர் கோயிலால் வளர்ந்த நகர். இராசபாளையம் 1930-களுக்குப் பின் நூற்பாலைகளால் வளர்ந்தது. ஆலை மாறுவேளைத் தொழிலாளர்கள் பெருகிய ஊரில் இரண்டாம் ஆட்டம் பார்ப்போரும் பெருகினர். சம்பள நாளை அடுத்து வரும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகும் என்பது அக்காலத்தார் அனைவரும் அறிந்த செய்தி.

நகருக்குச் செல்ல இயலாதவர்களுக்குத் துணையாயிருந்தவை டூரிங் டாக்கீசுகள். குறிப்பிட்ட காலத்திற்கு உரிமம் பெற்று, அறுவடை முடிந்த நிலத்திலோ பொட்டலிலோ கூடாரம் அடிப்பார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆயில் எஞ்சினால் விளக்கெரியும். படக்கருவி பெரும்பாலும் ஒன்றே ஆதலின், சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். ஆயிரம் அடி நீளமுள்ள சுருள் ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கிடையே எரியும் ஒளியே திரையில் விழும் படத்திற்கு உயிர். குச்சி தேயத் தேய ஆபரேட்டர் அதனை நெருக்கிக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அவர் சற்று அயர்ந்தால் திரை மங்கும். தரையிலிருந்து சீழ்க்கை எழும்.

மாலையில் கொட்டகையின் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் இசைத்தட்டு ஒலித்தால் சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். எத்தனையாவது பாட்டில் படம் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும். களையெடுத்துத் திரும்பிய பெண்கள் உலையை இறக்கிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறூட்டி, அந்தப் பாட்டுக் கணக்கிலேயே புறப்படுவர். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அந்த இசைத்தட்டே கடிகாரம். பகலில் மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, முன்னே மேளம் கொட்டி நோட்டீசு வழங்குவார்கள். வழவழப்பில்லாத அந்த வண்ணத் தாளைச் சிறுவர்கள் வண்டியின் பின்னே ஓடிப் பொறுக்குவர். பள்ளிப் புத்தகத்திற்கு அடுத்தபடியாக நம் பிள்ளைகளின் கைக்கு வந்த அச்செழுத்து அந்த நோட்டீசும் இடைவேளையில் விற்ற பாட்டுப் புத்தகமுமே ஆகும். பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே வாசிக்கக் கற்றவர்கள் நம்மிடையே உண்டு. ஆசிரியராகிய நாம் இதனைக் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

காசும் இருக்கையும்

கொட்டகைக்குள் தரை, பெஞ்சு, நாற்காலி என மூன்று வகுப்புகள் இருந்தன. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதியில் அமர்ந்தனர். இந்த வகுப்புகளைப் பிரித்தது எது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. அவற்றைப் பிரித்தது காசு. சீட்டு விற்பவர் துளை வழியே கையைத்தான் காண்பார், முகத்தைக் காண்பதில்லை. காசை வைத்தால் சீட்டு வரும்.

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தையும் அரசியலையும் பற்றி 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இக்கருத்தை வலியுறுத்தினார். தமிழர் எல்லா நிலையினரும் ஒரே கூரையின்கீழ்க் கூடிய முதற் கலைக்களம் திரைப்பட அரங்கு என்பதும், அங்கே இருக்கையை முடிவு செய்தது சமூகத் தகுதி அன்று, வாங்கும் ஆற்றலே என்பதும் அவர்தம் முடிபு.

இம்முடிபு பெரிதும் உண்மை. ஆயினும் நம் மக்கள் இதனை முழு உண்மையாகக் கொண்டுவிடலாகாது. நாட்கூலியைத் தானியமாகப் பெற்ற குடும்பத்தில் காசு எங்கிருந்து வரும்? ஆகவே, காசால் அமைந்த வகுப்பும் பெரும்பாலும் பிறப்பால் அமைந்த வகுப்பாகவே காட்சியளித்தது. நிலமுடையோர் நாற்காலியில் அமர்ந்தனர். அந்நிலத்தில் உழைத்தோர் தரையில் அமர்ந்தனர். சில ஊர்களில் தரைக்குள்ளேயே ஊரார் ஒரு பக்கமும் சேரியார் ஒரு பக்கமும் அமர்ந்ததுண்டு என்று முதியோர் கூறக் கேட்டுள்ளோம். கொட்டகையில் அருகருகே அமர்ந்து அழுது சிரித்தவர்கள், படம் விட்டு வெளியே வந்ததும் தேநீர்க் கடையில் தனித்தனிக் குவளை ஏந்தினர்.

இவ்வளவு குறை இருந்தும் ஒன்றை மறுக்க இயலாது. காசு சேர்ந்த நாளில் நாற்காலி வகுப்புச் சீட்டுக் கேட்கலாம் என்னும் எண்ணம் நம் இளைஞர் உள்ளத்தில் கொட்டகையில்தான் முதலில் முளைத்தது. ஆலை வேலையிலும் இரயில்வேயிலும் படையிலும் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறையினர், விடுமுறையில் வரும்போது வீட்டாரை அழைத்துக்கொண்டு நாற்காலி வகுப்பில் அமர்ந்ததை இன்றும் பெருமையோடு சொல்கின்றனர். அது படம் பார்த்த பெருமை அன்று, அமர்ந்த பெருமை.

திரையில் தோன்றியும் அரங்கில் நுழையாதவர்

காசு இருந்தும் வாயில் திறவாத நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. மலையாளத்தின் முதற் படம் ‘விகதகுமாரன்’. 1930-ஆம் ஆண்டை ஒட்டித் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் அது திரையிடப்பட்டது. அதனை இயக்கியவர் ஜே.சி. டேனியல். அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, புலையர் சமூகத்தைச் சார்ந்தவர். முதற்காட்சிக்கு அவர் அரங்கினுள் அனுமதிக்கப்படவில்லை. திரையில் அவர் தோன்றியதும் உயர்சாதியினர் சினங்கொண்டு திரையின்மீது கல்லெறிந்தனர். அவர் தம் ஊரைவிட்டுத் தமிழகப் பகுதிக்குத் தப்பி வந்து, பெயரும் அடையாளமும் மறைத்து வாழ்ந்து மறைந்தார். மலையாளத் திரையின் முதல் கதைத்தலைவி, தாம் நடித்த படத்தைத் தாமே காணாதவர். இன்று அவர் பெயரால் சென்னையில் திரைப்பட விழா நடத்தப்படுகிறது. அவ்விழாவை நடத்துவோர் நம்மவரே என்பது நெஞ்சுக்கு ஆறுதல் தருகிறது.

சட்டம் தந்த காவல்

ஆகவே காசு மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பது விளங்கும். அக்காவலைத் தேடித் தந்தவர்கள் நம் தலைவர்கள். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, பொது அலுவலகம் ஆகியவை எல்லோர்க்கும் உரியவை எனத் தீர்மானம் கொணர்ந்தார். 1938-இல் எம்.சி. இராசாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது.

1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழு உருவாக்கியது. அதன் 15-ஆம் கூறின் இரண்டாம் பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும். கடைகள், பொது உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றோடு பொது மக்களுக்கான கேளிக்கை இடங்களையும் அது பெயர் சொல்லிச் சுட்டுகிறது. சாதி முதலிய காரணங்களால் எவரையும் அவ்விடங்களில் தடுத்தல் கூடாது என்கிறது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் கூற்றைப் பலர் அறிவர். கொட்டகை வாயிலையும் மறவாமல் எழுதிய 15-ஆம் கூற்றைச் சிலரே அறிவர். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1976-இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. கூத்து மேடைக்கு எட்ட நின்ற ஒரு சமூகத்தின் துயரம், கேளிக்கை இடம் என்னும் சொல்லாக நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்றது சிறிய செய்தி அன்று.

கடல் கடந்த ஒரு சான்று

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டில் நோவா இசுகோசியா மாநிலத்தில் வயோலா டெசுமண்டு என்னும் கறுப்பினப் பெண்மணி வாழ்ந்தார். சிகை ஒப்பனைத் தொழில் நடத்தியவர். 1946 நவம்பர் 8-இல் நியூ கிளாசுகோ நகரத்து ரோசுலாண்டு அரங்கிற்குப் படம் பார்க்கச் சென்றார். கீழ்த்தளச் சீட்டுக் கேட்டார். மாடத்துச் சீட்டையே கொடுத்தனர். நம் ஊரில் மாடம் உயர்ந்த வகுப்பு. அங்கோ கறுப்பினத்தவரை ஒதுக்கும் இடம். அவர் கீழ்த்தளத்தில் அமர்ந்தார். கட்டண வேறுபாட்டைத் தர முன்வந்தும் ஏற்கவில்லை. காவலர் அவரை இழுத்துச் சென்று இரவு முழுதும் அடைத்தனர். இரு சீட்டுகளுக்கும் உள்ள கேளிக்கை வரியின் வேறுபாடு ஒரு சென்டு. அதனைச் செலுத்தவில்லை என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். நிறவெறியை வெளிப்படையாகச் சொல்ல நாணி, வரிக்கணக்கின் பின்னே ஒளிந்தனர். 2010-இல், அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து, அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கி வருத்தம் தெரிவித்தது. 2018-இல் அந்நாட்டின் பத்து டாலர்த் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. ஒரு சென்டுக்காகச் சிறை சென்றவர் பணத்தாளிலேயே இடம் பெற்றார்.

மறைந்த அரங்குகள், மாறிய முறைகள்

மதுரையில் 1952-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டு ஆசியாவிலேயே பெரியது எனப் பேசப்பட்டது. நம் பகுதியினர் மதுரைக்குச் சென்றால் கோயிலையும் மகாலையும் கண்டபின் அதனையும் கண்டு வருவர். அவ்வரங்கு இன்று இல்லை. சென்னையில் ‘காளிதாஸ்’ ஓடிய அரங்கும் இல்லை. மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் படிப்பகமும் மாலையில் ரீகல் திரையரங்கும் ஒரே கூடத்தில் நடந்த காலமும் போயிற்று. படிப்பும் படமும் ஒரே கூரையின்கீழ் இருந்த அந்த ஏற்பாடு, ஆசிரியராகிய நமக்கு இன்றும் வியப்பளிப்பது.

1975 ஆகத்து 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. 1980-களில் ஒளிப்பேழைகள் வந்தன. டூரிங் டாக்கீசுகள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தைச் சுருட்டின. படச்சுருளும் கார்பன் குச்சியும் மறைந்து எண்ணிம முறை வந்தது. படப்பெட்டிக்காகப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தவர்களின் பிழைப்பும் மறைந்தது. ஆபரேட்டர், சீட்டுக் கிழிப்பவர், முறுக்கு விற்பவர், சுவரொட்டி ஒட்டுபவர் எனக் கொட்டகையை நம்பி வாழ்ந்தோருள் நம்மவர் பலர். பழைய அரங்குகள் திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறின.

இம்மாற்றங்களுள் வரலாற்று ஆசிரியர்கள் போதிய கவனம் செலுத்தாத ஒன்று உண்டு. அது தரைவகுப்பின் மறைவு. தரையில் அமரும் இழிவு நீங்கியதற்கு மகிழ வேண்டும். ஆனால் தரையோடு தரைக்கட்டணமும் நீங்கிற்று. சென்னையின் பன்திரை அரங்குகளில் முன்வரிசை இருக்கைகள் சிலவற்றைப் பத்து ரூபாய்க்கு விற்க வேண்டும் என்னும் விதி சில காலம் ஏழைக்குச் சிறு துணையாயிருந்தது. இன்றோ சீட்டை வீட்டிலிருந்தே கைப்பேசியில் பதிவு செய்கின்றனர். அதற்குத் தனிக்கட்டணம் வேறு. குளிரூட்டிய அரங்கில் தின்பண்டத்தின் விலை சீட்டின் விலையை மிஞ்சுவதும் உண்டு. நாட்கூலிக் குடும்பம் ஒன்று நால்வராய்ச் சென்று படம் பார்த்தால் ஒருநாள் வருவாய் போதாது. பிறப்பைக் கேளாத காசு, இப்போது அளவை மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

காசு இருந்தாலும் காவல் தேவை என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2023 மார்ச்சு 30-இல் சென்னைக் கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் ‘பத்து தல’ படத்திற்குச் சீட்டு வாங்கி வந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலில் தடுக்கப்பட்டனர். உடனிருந்த மக்கள் கேட்ட கேள்விகளும் அக்காட்சி நாடெங்கும் பரவியதும் பெருங்கண்டனத்தை எழுப்பின. பின்னர் அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். சிறுவர்க்கு வயது பொருந்தவில்லை எனத் திரையரங்கு விளக்கம் தந்தது. இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டிய பாடம், உடனிருந்து கேள்வி கேட்ட மக்களின் பாடமே. சீட்டு வாங்கிய கை எவருடையதாயினும் அக்கை நுழைய வேண்டும் எனக் கேட்பதற்கு ஒருவரேனும் அருகில் இருத்தல் வேண்டும்.

இளைஞர்களுக்கு

நம் பிள்ளைகள் படத்திற்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கைப் படிப்பிற்குக் கொடுக்க வேண்டும் என்பது தலைமையாசிரியராகிய நம் கடமையுரை. நடிகரின் உருவத் தட்டிக்குப் பால் ஊற்றும் காசில் ஒரு மாணவனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம் என்பதும் அவ்வாறே. ஆயினும் திரைப்படத்தைத் தீயதென ஒதுக்கும் கூட்டத்தில் நாம் இல்லை. தரையில் அமர்ந்து பார்த்தவர்களின் மக்கள் இன்று கருவியின் பின்னே நிற்கின்றனர். பா. இரஞ்சித் 2012-இல் ‘அட்டகத்தி’யையும் 2014-இல் ‘மெட்ராஸ்’ படத்தையும் தந்தார். தூத்துக்குடி மாவட்டச் சிற்றூரில் பிறந்த மாரி செல்வராஜ் 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ தந்தார். சட்டக் கல்லூரியில் நம் மாணவன் படும் பாட்டை அப்படம் சொன்னபோது, எல்லா வகுப்பு இருக்கைகளிலும் இருந்தோர் அமைதியாகக் கேட்டனர். இது தரையிலிருந்து திரைக்குச் சென்ற பயணம். கல்வியும் துணிவும் இன்றி இப்பயணம் நடந்திராது.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கின்றோம். நம் தெருக்களில் எண்பது அகவை கடந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் எந்தக் கொட்டகையில், எந்த வகுப்பில், யார் அருகில் அமர்ந்தனர் என்பதைக் கேட்டு எழுதுங்கள். பெண்கள் பகுதியில் என்ன நடந்தது என்பதைப் பாட்டிமாரிடம் கேளுங்கள். அதனை ஆண்கள் அறியார். பழைய சீட்டுத் துண்டு, நோட்டீசு, பாட்டுப் புத்தகம் எவர் பெட்டியிலேனும் இருந்தால் கேட்டுப் பெற்று நம் சங்க நூலகத்தில் சேருங்கள். கட்டடங்கள் இடிந்துவிட்டன, சொல்வோரும் நெடுநாள் இரார். நம் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவர் எனக் காத்திருந்த காலம் போதும். அடுத்த விழா மலரில் இக்கட்டுரையின் இடத்தில் உங்கள் தொகுப்பு வெளிவருமாயின், அதுவே நாம் வேண்டும் பரிசு.